சட்டைக் காலரில் இருந்த குறி

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாற்பது நிமிடமாகத் திணறிக்கொண்டிருந்தார்கள். கொலையாளி யார் என்பதற்கான விடை எதிரில் கிடந்த சட்டையின் காலருக்குள் இருந்தது: மூன்று புள்ளிகள், கீழே ஒரு கோடு. துணி மாறிவிடக் கூடாது என்று சலவைத் தொழிலாளி இடும் மைக்குறி. ஓர் இளைஞர் காலரைப் புரட்டினார். எனக்கு நெஞ்சு படபடத்தது. "பேனா மை கசிந்திருக்கிறது" என்று சொல்லிச் சட்டையை அழகாக மடித்து வைத்துவிட்டார்.

அலுவலகக் கூடுகைகளுக்கும் குடும்ப விழாக்களுக்கும் துப்பறியும் ஆட்டங்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கதை 1974இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் நடப்பது. வங்கி எழுத்தர், அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி எனத் தனியாகத் தங்கியிருக்கும் ஆண்கள். கிணற்றடியில் ஒரு பிணம். பக்கத்தில் யாருடையதென்று தெரியாத சட்டை. எழுதி முடித்தபோது எனக்கே என் மீது மதிப்புக் கூடியிருந்தது. ஆனால் அந்த இளைஞர் பிறந்தது முதல் வாஷிங் மெஷினில் துவைத்த துணியை உடுத்தியவர். சலவைக்குறி என்ற ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. பிழை என்னுடையது.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் அனுப்பும் கதைகளிலும் இதே கோளாறைத்தான் பார்க்கிறேன். நாவல் எழுதும் பழக்கத்தில் எழுதுகிறார்கள். நாவலில் வாசகர் அரைத் தூக்கத்தில் புரட்டினாலும் கடைசி அத்தியாயம் வந்துவிடும். ஆட்டத்தில் அப்படியில்லை. துப்பு கண்ணில் படாவிட்டால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். ஒளித்து வைப்பதற்குப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். முன்பின் அறியாத ஐந்து பேர் தாங்களே யோசித்துக் கண்டுபிடித்ததாக உணரும்படி உண்மையை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதற்குத்தான் நமக்குக் கூலி.

ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2008இல் எழுதிய ஒரு கணக்கு உண்டு. ஆட்டக்காரர்கள் வந்து சேர வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் வேண்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைப் பொருட்படுத்த மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அதைப் படித்துச் சிரித்தவன்தான் நான். சட்டை மடிக்கப்பட்ட அன்று சிரிப்பு வரவில்லை.

திருத்தி எழுதியபோது சலவைக் கணக்கு நோட்டு ஒன்றைச் சேர்த்தேன். அறை எண், எத்தனை உருப்படி, பக்கத்தில் அந்த அறைக்கான குறி. குறியென்றால் என்ன என்பதை அந்த நோட்டே சொல்லிக் கொடுத்துவிடும். பழைய பழக்கம், தொழில் நுணுக்கம், ரயில் நேரம் என எதை நம்பித் துப்பு வைத்தாலும் அதற்கான அறிவும் ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். இரண்டாவதாக, சந்தேகத்துக்குரியவரின் டிரங்குப் பெட்டியில் அதே குறியுள்ள வேட்டி. மூன்றாவதாக, மேன்ஷன் பையன் தன் வாக்குமூலத்தில் போகிற போக்கில், "ஆறாம் நம்பர் சார் ஒரு சட்டை குறைகிறது என்று சத்தம் போட்டார்" என்று சொல்கிறான். மூன்றும் வெவ்வேறு வகை. மூன்றையும் காகிதமாக வைத்தால், காகிதம் படிக்கப் பிடிக்காத கூட்டத்தில் மூன்றும் போய்விடும்.

டிரங்குப் பெட்டிக்கு முதலில் எண் பூட்டு போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். ராபின் லாஸ் என்ற வடிவமைப்பாளர், பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டங்களுக்காக 2007இல் அறிமுகப்படுத்திய 'கம்ஷூ' ஆட்டமுறையின் அடிப்படையே இதுதான்: சரியான இடத்தில், அதற்குரிய திறமையோடு தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே ஆக வேண்டும்; பகடையின் தயவுக்கு அதை விடக் கூடாது. கிடைத்ததை வைத்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதில்தான் சுவாரசியம். பூட்டு வேண்டுமென்றால் கிளைக்கதைக்குப் போடுங்கள்.

கால அட்டவணையைக் கதைக்கு முன்பே எழுதிவிடுவேன். 1982இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'டெட்லைன்' என்ற கணினி விளையாட்டில் கற்றது அது. மார்க் பிளாங்க் எழுதியது. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. துப்பறிபவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவகாசம். மரணம் நடந்த வீட்டிலுள்ளவர்கள் அவருக்காகக் காத்து நிற்பதில்லை. தங்கள் பாட்டுக்கு நடமாடுகிறார்கள். கணினி நெகிழ்வட்டில் இடம் போதாததால் வாக்குமூலங்களையும் ஆய்வக அறிக்கையையும் அச்சிட்டு, சில மாத்திரைகளோடு பெட்டிக்குள் போட்டு விற்றார்கள். என் சுவரிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக ஒரு பெரிய தாள் தொங்குகிறது. 7.15க்கு மொட்டை மாடியில் துணி எடுத்தவர் 7.20க்கு மெஸ் வரிசையில் முதல் ஆளாக நின்றால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஒருவர் கணக்காளராக இருந்தால் மாலை முழுவதும் அதையே பேசுவார்.

பொய்த் துப்புகளைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. சும்மா திசைதிருப்ப மட்டும் வைப்பது ஏமாற்று வேலை. எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் அன்று மாலை எங்கே போனார் என்பதில் பொய் சொல்கிறார். துருவினால், மனைவி கொடுத்த கைக்கடிகாரத்தை அடகு வைக்கப் போன வெட்கம் அது. அடகுச் சீட்டைப் பார்த்தவர்களுக்கு ஏமாந்த உணர்வு வராது. அதே அடகுக் கடை வாசலில் அவர் வேறொருவரைப் பார்த்திருக்கிறார்.

விடை சொல்லும் கட்டமும் தகராறு பிடித்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் ஆமாம், இல்லை என்பேன். "எழுத்தரா?" இல்லை. "மேலாளரா?" இல்லை. ஏலம் போடுவதுபோல் விடை வந்துவிடும். 2018இல் லூக்காஸ் போப் உருவாக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற கணினி விளையாட்டு இதை அழகாகச் சமாளித்தது. ஒரு கப்பலில் இருந்த அறுபது பேருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். மூன்று பேருடைய கதி சரியாக அமைந்தால்தான் ஆட்டம் அவற்றை உறுதி செய்யும். குருட்டாம்போக்குக்கு வழி குறுகிவிடுகிறது. இப்போது நானும் யார், எப்படி, எதற்காக என்ற மூன்றையும் ஒரே சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன். மூன்றும் சரியா, இல்லையா, அவ்வளவுதான் பதில்.

இன்னொன்று. பழைய கதை ஒன்றில் தற்கொலைபோல் தோன்றும் மரணம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே ஒரு பெண் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. காரணத்தை நான் கேட்கவில்லை; கேட்கவும் கூடாது. அன்றிலிருந்து கதையில் என்ன வகை மரணம், என்ன வகை வன்முறை வருகிறது என்பதை அழைப்பிதழிலேயே எழுதிவிடுகிறேன். செய்தித்தாளில் வந்த உண்மை வழக்குகளை எடுப்பதேயில்லை.

எழுதியதைச் சோதிக்கும்போது நான் அறையின் மூலையில் வாயைத் திறக்காமல் உட்காருவேன். இது மிகக் கடினம். அண்மையில் திருத்திய மேன்ஷன் கதையை ஒரு குடும்பம் விளையாடியது. எழுபதைக் கடந்த ஒரு பாட்டி சட்டையை எடுத்த எடுப்பில் காலரைத் திருப்பினார். "எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல் குறி" என்றார். பிறகு தன் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளைப் பற்றியும், வெள்ளாவி வாசனையைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் பத்து நிமிடம் அப்படியே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே பேரன் மெல்ல அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறாம் அறைக்கு நேராக விரலை வைத்தான்.