"அவன் பொறந்ததுல இருந்தே அப்படித்தான் சார்"

மனநல ஓபில இந்த வார்த்தைய கேக்காத வாரமே இல்ல. 24 வயசு பையன், அறிவுத்திறன் குறைபாடு உண்டு (விவரம் மாத்தியிருக்கேன்), கடைக்கு போய் சாமான் வாங்கிட்டு வர்ற அளவுக்கு தெளிவுதான், ஆனா ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, அம்மா போடுற சோத்துல விஷம்னு தட்ட தள்ளிவிடுறான், தெருவுல எல்லாரும் தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு கத்துறான். முதல்ல பாத்த எடத்துல, குறைபாடு இருந்தா இப்படித்தான்னு தூக்க மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க.

தனியா பேசுறத மட்டும் வச்சு சைக்கோசிஸ்னு (இல்லாதத நிஜம்னு நம்புற, இல்லாத குரல் கேக்குற மனநோய் நிலை) சொல்ல முடியாது, இவங்கள்ல பலபேர் சின்ன வயசுல இருந்தே அப்படி பேசுவாங்க. புதுசா என்ன மாறிச்சு, அதான் கேள்வி.

"போதைப்பொருள் எடுப்பியா"ன்னு கேட்டா அவனுக்கு புரியாது. "பசங்களோட பீடி குடிச்சியா, என்ன வாசனை"ன்னு கேட்டேன், எல்லாத்துக்கும் ஆமா சொல்றவங்களும் இருக்காங்க, அதனால அதையே மாத்தி மாத்தி கேக்கணும். யூரின் டெஸ்ட்ல கஞ்சா பாசிட்டிவ். ரொம்ப நாள் இழுத்தவங்களுக்கு நிறுத்தி சில வாரம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டும், அதனால டெஸ்ட்ட மட்டும் நம்பாம எப்ப ஆரம்பிச்சது, எது முன்னாடி எது பின்னாடின்னு வீட்ல உக்காந்து விசாரிக்கணும். கஞ்சாவே இல்லாமலும் இந்த சைக்கோசிஸ் வரும், வலிப்புக்கு குடுக்கிற லெவெடிராசெட்டாம், ஸ்டீராய்டு, கை நடுக்கத்துக்கு குடுக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில் கூட காரணமாகலாம். அதனால வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டு கொண்டு வாங்க.

வைத்தியத்துல முதல் வேலை காரணமான பொருள நிறுத்துறது (மாத்திரைன்னா டாக்டர் சொல்படிதான்), அப்புறம் சத்தமில்லாத எடம், பழகின ஒரு ஆள் பக்கத்துல. சைக்கோசிஸ அடக்குற ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து தேவைப்பட்டா ரொம்ப கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவோம், ஏன்னா இவங்களுக்கு பக்கவிளைவு சீக்கிரம் வரும், வந்தாலும் சொல்லத் தெரியாது. எச்சி ஒழுகுதா, நடை மாறிச்சா, கை இறுகுதான்னு நீங்கதான் பாக்கணும், காய்ச்சலோட உடம்பு விறைச்சா அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.

பொருள நிறுத்தினா பெரும்பாலும் ஒரு மாசத்துக்குள்ள அடங்கும், அப்ப மருந்த டாக்டர் சொல்படி குறைக்கணும், ஆனா அத யாரும் கேக்கிறதே இல்ல, வருஷக்கணக்கா ஓடும். இங்கிலாந்துல 2015ல கணக்கு எடுத்தப்ப அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்கள்ல தகுந்த காரணமில்லாம மனநல மருந்து சாப்பிடுறவங்க 30,000 பேருக்கு மேலன்னு தெரிஞ்சு, அடுத்த வருஷமே குறைக்க தனித் திட்டம் போட்டாங்க.

அந்தப் பையன் ஏன் கஞ்சா குடுத்த பசங்ககிட்ட போனான்னு கேட்டதுக்கு, "மச்சான்னு கூப்பிடுவாங்க"ன்னான். வீட்ல பேசி இப்ப சாயங்காலம் மாமாவோட டீக்கடைல கிளாஸ் கழுவுறான், வர்றவங்க எல்லாரும் பேர் சொல்லி கூப்பிடுறாங்களாம். மருந்த பாதியா குறைச்சாச்சு. அவசரத்துக்கு அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம்.