உச்சக்குரல் ஏன் இறங்குகிறது?

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏசி/டிசி என்ற அவுஸ்திரேலிய றொக் குழுவைக் கேட்டு வளர்ந்த நாலு பேர் கூடினால், அதன் பாடகர் பிரையன் ஜோன்சனின் அண்மைய மேடைக் காணொளி ஒன்று நிச்சயம் யாரோ ஒருவருடைய போனில் ஓடும். "பாவம், மனுசனுக்குக் குரல் போட்டுது" என்பார் ஒருவர். "எழுபது தாண்டின வயசில உன்னால அப்பிடிக் கத்த ஏலுமோ?" என்று இன்னொருவர் பாய்வார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. 1947இல் பிறந்து, 1980இல் குழுவில் சேர்ந்தவர், 2024இல் ஐரோப்பா முழுவதும் பாடினார். அந்தத் தொண்டைக்குள் நடப்பது அவ்வளவு சுவாரசியமானது.

கழுத்தின் முன்பக்கம் துருத்தி நிற்கும் இடத்தில் விரலை வைத்து, 'ம்ம்ம்' என்று இழுத்தபடி மெல்லச் சுருதியை ஏற்றிப் பாருங்கள். விரலுக்கடியில் ஏதோ மேலே நகரும். அதுதான் குரல்வளை. உள்ளே இரண்டு குரல்நாண்கள். சாதாரணமாகப் பேசும் ஆணுக்கு அவை விநாடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை அதிர்கின்றன. சுருதி ஏற வேண்டுமானால் ஒரு சிறு தசை குரல்வளையின் கசியிழையங்களை, அதாவது குருத்தெலும்புகளை, சாய்த்து நாண்களை இழுத்து மெலிதாக்க வேண்டும். 440 தடவை அதிர்ந்தால்தான், வாத்தியங்களைச் சுருதி சேர்க்கப் பயன்படும் அந்த 'ஏ' சுரம் பிறக்கும். றொக் பாடகரின் உச்சம் அதையும் தாண்டும்.

வயது ஏறும்போது அந்தக் கசியிழையங்கள் மெல்ல மெல்ல எலும்பாக இறுகுகின்றன. நாணுக்குள் இருக்கும் தசை மெலிகிறது. மேலேயுள்ள மென்மையான படை விறைத்து, நெகிழ்ச்சியை இழக்கிறது. இரண்டு நாண்களும் முழுதாகச் சேராமல் நடுவில் ஒரு இடைவெளி விழ, அதனூடாகக் காற்று கசிகிறது. அதனால்தான் வயதான குரலில் அந்த மூச்சுக் கலந்த சத்தம். நுரையீரலின் கொள்ளளவும் குறைந்திருக்கும், நீண்ட வரியை ஒரே மூச்சில் இழுக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாண் மெலிவதால் முதிய ஆண்களின் பேச்சுக்குரல் சற்று உயரவே செய்கிறது. ஆனாலும் பாட்டின் உச்சம் எட்டாமல் போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் பேச்சுக்குரல் தாழ்கிறது.

உச்சம் எட்டாமல் போவதால் பல குழுக்கள் கிட்டார்களை அரைச் சுரம் இறக்கிக் கட்டுகின்றன. அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். இதை ஏமாற்று என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. தன் தொண்டையை அறிந்தவர் செய்யும் வேலை அது.

சரி, காது? 2016இல் ஜோன்சன் மேடையை விட்டு விலகியது தொண்டையால் அல்ல. முழுச் செவிடாகும் ஆபத்து இருப்பதாக வைத்தியர்கள் எச்சரித்ததால்தான். மிச்சக் கச்சேரிகளை 'கன்ஸ் அன் ரோசஸ்' குழுவின் பாடகர் அக்ஸல் ரோஸ் பாடினார். ஜோன்சன் மறுபடி குழுவோடு மேடையேற 2023 ஒக்டோபர் ஆயிற்று. ஒவ்வொரு உட்செவியிலும் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் சுமார் 15,000தான் உண்டு, இறந்தால் மீண்டும் முளைக்காது. 85 டெசிபல் அளவுச் சத்தத்தை 8 மணிநேரம் தாங்கலாம் என்பது ஒரு பொதுவான வரம்பு. 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். ஆகவே அன்று கசெற்றில் கேட்ட சிம்பலின் கூர்மை இன்று கேட்கவில்லை என்றால், அது ரசிகரின் காதாகவும் இருக்கலாம்.

குரலுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. மெல்லிய உறிஞ்சுகுழாய் ஒன்றை உதடுகளுக்கிடையே வைத்து, அதனூடாக ராகம் இழுத்தால், திரும்பித் தள்ளும் காற்றழுத்தம் நாண்களைக் குறைந்த சிரமத்தோடு அதிர வைக்கும். மேடைக்கு முன் பாடகர்கள் இப்படிக் குரலைப் பதப்படுத்துவதுண்டு. கோவில் பஜனையில் பாடுகிற அறுபது வயதுக்காரரும் தாராளமாகச் செய்யலாம்.