சரளையைக் கழித்துவிட்டு மண்ணை அளந்து பாருங்கள்: செட்டிநாட்டுச் செவக்காட்டுக்கு ஒரு கணக்கு

மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) 'அதிகம்' என்று வந்திருக்கும். காட்டில் போய்ப் பார்த்தால் நிலக்கடலையின் அடி இலைகள் ஓரம் கருகி நிற்கும். அட்டை தப்பு என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆய்வகம் அளந்தது சரிதான். ஆனால் அது அளந்தது 2 மி.மீ. சல்லடையில் கீழே விழுந்த மண்ணை மட்டும். சல்லடையின் மேல் நின்ற சரளை அந்த எண்ணுக்குள் இல்லை. களிமண் காட்டில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, குன்றக்குடிப் பக்கத்துச் செவக்காட்டில், அதாவது செம்மண் மேட்டு நிலத்தில், தோண்டியெடுக்கும் ஒரு கூடையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் பாதி கூட, சரளையாக இருக்கும். அங்கே அந்த அட்டையை அப்படியே நம்பி உரம் போடுவதும் தண்ணீர் விடுவதும் கணக்கைப் புரட்டிவிடும்.

முதலில் அந்தச் சரளை எது என்று பார்த்துவிடுவோம். கடலை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை, கரும்பழுப்பாக, மேலே எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் உருண்டைகள் இருக்கும். ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டி உடையுங்கள். உள்ளே வெங்காயத் தோல்போல் மஞ்சளும் சிவப்பும் பழுப்பும் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது இரும்புச் சரளை. நெடுங்கால மழையில் மண்ணிலிருந்து சிலிக்காவும் சுண்ணாம்பும் கரைந்து போய்விட, மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் நிலத்தடி நீர் ஏறி இறங்கும் மட்டத்தில் திரும்பத் திரும்பப் படிந்து உருண்டதால் வந்தது. உடைத்தால் உள்ளேயும் வெள்ளையாக, கண்ணாடிபோல் பளபளக்கும் வழவழப்பான உருண்டைக் கல் என்றால் அது வேறு சாதி. பழைய ஓடை கொண்டுவந்து போட்ட பருக்கைக்கல் அது. மணிமுத்தாறு, பாம்பாறு, தேனாறு ஓரத்து மேட்டுத் திட்டுகளில் இரண்டும் கலந்தே கிடக்கலாம். பருக்கைக்கல் வெறும் கல், செடிக்கு அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. இரும்புச் சரளை அப்படிச் சும்மா இருக்காது. அதைச் சுற்றியுள்ள செம்மண் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்தச் சரளைக்குக் கீழே, இரண்டு முதல் நாலடிக்குள், பல இடத்தில் செம்பூரான்கல் வரும். கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன்தான், 1807-இல் வெளிவந்த தன் பயண நூலில், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். வெட்டும்போது மம்பட்டிக்கு இணங்கும், வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் இறுகிவிடும் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். கட்டடக்காரருக்கு இது நல்ல குணம். விவசாயிக்கு இதுவே பெரிய ஆபத்து, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாளியை வைத்துச் சரளையை அளப்பது

ஆய்வகம் தேவையில்லை. ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளி, ஒரு லிட்டர் அளவுக் குவளை, 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடை, ஒரு பாலிதீன் தாள் போதும்.

காட்டின் நடுத்தரமான இடத்தில் 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். கணக்குப்படி அது 27 லிட்டர். ஆனால் சரளை நிலத்தில் சுவர் நேராக வராது, ஒரு கல் உருவினால் பக்கத்தில் ஒரு பொந்து விழும். அதனால் குழிக்குள் பாலிதீன் தாளை ஒட்ட விரித்து, குவளையால் எண்ணி எண்ணித் தரைமட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுவே குழியின் உண்மையான கொள்ளளவு.

எடுத்த மண் முழுவதையும் நிழலில் உலர்த்தி, கட்டிகளை மரக்கட்டையால் மெல்லத் தட்டி உதிர்த்துச் சலிக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், மென்மையான சரளை நொறுங்கித் தூளாகி மண் கணக்கில் சேர்ந்துவிடும். சல்லடையில் நின்ற கல்லைக் கழுவி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். இரும்புச் சரளையில் நுண்துளைகள் உண்டு, ஊறாத கல்லை அளந்தால் அது தண்ணீரைக் குடித்து அளவைக் குறைத்துக் காட்டும். காலையில் வடித்துவிட்டு வாளியில் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்ப எத்தனை லிட்டர் ஆகிறது என்று பாருங்கள். வாளி விளிம்பு வரை சரியாக 20 லிட்டர் பிடிக்கிறதா என்பதை முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது. 20 லிட்டர் வாளியில் 9 லிட்டர் தண்ணீர்தான் பிடித்தது என்றால் கல்லின் கன அளவு 11 லிட்டர். குழி 27 லிட்டர் என்றால் சரளை சுமார் 40 சதவீதம்.

எடை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இரும்புச் சரளை கனமானது. எடையை வைத்துச் சொன்னால் கல் எடுத்துக்கொண்ட இடத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். வேர் கல்லின் எடையைப் பார்ப்பதில்லை, தனக்குக் கிடைக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். 35-ஐத் தாண்டினால் நிலத்தை வேறு மாதிரி நடத்த வேண்டும்.

அந்த 40 சதவீதம் என்ன செய்கிறது

அட்டையில் சாம்பல் சத்து எக்டருக்கு 300 கிலோ என்று இருந்தால் அது 'அதிகம்' வகை, ஏனென்றால் 280-க்கு மேல். அந்த எண், மேல்மண் முழுவதும் சலித்த மண்ணே என்று வைத்துக்கொண்டு பெருக்கி வந்தது. நாற்பது சதவீதம் கல் என்றால் கையில் இருப்பது 180 கிலோ, 'நடுத்தரம்'. தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) இதே கழிவு பொருந்தும்.

இதைப் பார்த்தவுடன் குறைந்ததை ஒரே தடவையில் கொட்டிவிடக் கூடாது. கொஞ்ச மண்தான் இருக்கிறது, அதிலும் இந்தச் செம்மண்ணின் களி சத்தைப் பிடித்து வைப்பதில் பலவீனமானது. ஐப்பசி மழை ஒன்று போதும், போட்ட யூரியா வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அளவைக் கூட்டுவதைவிடத் தவணையைக் கூட்டுவதே இங்கே பலன் தரும். இரண்டாகப் போடுவதை மூன்றாக, நாலாகப் பிரியுங்கள்.

தண்ணீரின் கணக்கு இன்னும் கடுமை. மணல்கலந்த செம்மண்ணில் 10 செ.மீ. ஆழத்துக்குச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் ஏறத்தாழ 12 மி.மீ. ஒன்றரை அடிக்கு, அதாவது 45 செ.மீ.க்கு, 54 மி.மீ. நாற்பது சதவீதம் கல்லைக் கழித்தால் 32 மி.மீ. பாதி தீரும்போதே பாய்ச்சிவிட வேண்டும் என்பது வழக்கம், ஆகவே புழங்கக்கூடியது 16 மி.மீ.தான். சித்திரை வைகாசியில் பயிர் நாளொன்றுக்கு 6 மி.மீ. குடித்தால் மூன்று நாள் கூடத் தாங்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர் விடுகிறார் என்று அதைப் பின்பற்றாதீர்கள். அவர் காட்டில் கல் இல்லை, உங்கள் காட்டில் இருக்கிறது. பத்து நாளுக்குச் சேர்த்து வெள்ளமாக விடுவதும் வீண். இந்த மண் கொள்ளாததைக் கீழே விட்டுவிடும்.

சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரளை நிலத்தில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழே இறங்கும். மரத்துக்கு ஒரு சொட்டுவான் வைத்து மணிக்கணக்கில் ஓட விட்டால் ஒரு சாண் அகலக் குழாய்போல் ஈரம் இறங்கி, நாலடிக்குக் கீழே யாருக்கும் பயனில்லாமல் நிற்கும். ஒன்றுக்குப் பதில் நாலு சொட்டுவான்களை மரத்தைச் சுற்றி வையுங்கள், குறைந்த நேரம், அடிக்கடி. ஓடவிட்ட மறுநாள் ஒரு மம்பட்டி போட்டு ஈரம் எதுவரை விரிந்தது என்று கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பான், நியூசிலாந்து போன்ற எரிமலை நாடுகளில் மலையோடைக் கரைத்திட்டில் கல்லும் சாம்பலும் கலந்த மண்ணில் காய்கறி செழிப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, 'சரளை மண்ணென்றால் இப்படித்தான்' என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மண் கையில் எடுத்தால் பஞ்சு போல் இருக்கும், ஒரு கன செ.மீ. எடை 0.9 கிராமுக்கும் குறைவு. சாம்பல் சிதைந்து உண்டான அலோஃபேன் என்ற களி நிறைய நீரைப் பிடித்து வைக்கும். அங்குள்ள நுரைக்கல்லே துளைகளுக்குள் தண்ணீரைச் சேமிக்கிறது. நம் செவல் அதே அளவில் ஒன்றரை கிராமுக்கு மேல் இருக்கும், நம் சரளையோ மிகக் கொஞ்சமே ஊறும். அந்த நாட்டு நீர்ப்பாசன முறை இங்கே பொருந்தாது. ஒரே ஒரு குணத்தில் இரண்டும் உறவு: இரண்டுமே மணிச்சத்தைப் பூட்டி வைக்கும். அதற்கான வைத்தியமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சூப்பர் பாஸ்பேட்டை இந்த மண்ணில் வீசித் தூவாதீர்கள். எவ்வளவு மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவும் இரும்போடு பிணைந்து போகும். ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய பொடித் தொழுவுரத்தோடு பரிந்துரைத்த சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் குவித்து, மூடி ஒரு மாதம் வைத்து, விதைப்புச் சாலில் இடுங்கள். ஊட்டமேற்றிய தொழுவுரம் என்பது இதுதான். உளுந்துக்குப் பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து இன்னொரு தடவையும் 2 சதவீத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோவை முந்தின இரவே 10 லிட்டரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 190 லிட்டரில் சேருங்கள். கசடோடு ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைத்துவிடும். நிலக்கடலைக்கு 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதைத் தவறவிடாதீர்கள். சுண்ணாம்பு கரைந்துபோன நிலம் இது, காய் பொக்காகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழியெடுப்பதில் நடக்கும் தவறுகள்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு பூர்வீக ஊரில் ஒரு தோப்பு வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தொலைபேசியிலேயே பொக்லைனை வரச்சொல்லி ஒரே நாளில் குழி எடுத்து முடிக்கிறார்கள். முந்திரிக்கு ஒன்றரையடி, மாமரத்துக்கு மூன்றடி என்று அளவெல்லாம் சரியாக இருக்கும். கார்த்திகை மழையில் குழியில் தண்ணீர் கட்டி நின்று, மார்கழியில் இலை மஞ்சளாகி, தை பிறக்கும்போது கன்று பட்டுப்போகும்.

குழிக்கு அடியில் செம்பூரான் தட்டு இருந்தால் அந்தக் குழி ஓட்டை இல்லாத தொட்டி. நடுவதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். மறுபடி ஓரடி உயரம் ஊற்றி மறுநாள் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் கடப்பாரையால் தட்டை உடைத்துக் கீழ் மண்ணைத் தொட வேண்டும். அரையடித் தட்டு உடைந்துவிடும். மூன்றடிப் பாறையென்றால் போராட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள், அல்லது தரைக்கு மேல் ஒன்றரையடி மேடு கட்டி அதில் நடுங்கள்.

தண்ணீர் வடியட்டும் என்று குழியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லியோ சரளையோ போடுகிறார்கள். இது நேர்மாறான வேலை செய்யும். மேலேயுள்ள நுண்ணிய மண் முழுக்க நனைந்து ததும்பும் வரை தண்ணீர் அந்தக் கல்லடுக்குக்குள் இறங்காது, ஆகவே வேரடியில்தான் சகதி நிற்கும். அந்தச் சரளையை வெளியே எடுத்து, கன்றைச் சுற்றித் தரையின் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். வெயிலில் ஈரம் ஆவியாவது குறையும், மழைத்துளி மண்ணை அடித்துப் பெயர்க்காது. காட்டில் கல் பொறுக்குவதற்கும் இதே விதி: கைமுட்டிக்கு மேற்பட்டதை மட்டும் பொறுக்குங்கள், பொடிச்சரளை மேலே கிடக்கட்டும்.

பொக்லைன் கரண்டி ஈர மண்ணில் இழுத்த சுவர் சாணி மெழுகியதுபோல் வழவழத்து இறுகிவிடும். வேர் அதைத் துளைக்காமல் குழிக்குள்ளேயே வட்டமடிக்கும். மூடுவதற்கு முன் கடப்பாரை நுனியால் நாலு சுவரையும் கீறிவிடுவது ஒரு குழிக்கு ஐந்து நிமிட வேலை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம், மேல்மண்ணை வழித்துவிடுவது. மேடு பள்ளம் சமன் செய்யச் சொன்னால் இயந்திரம் முதலில் வழிப்பது ஓரடி மேல்மண்ணைத்தான். வேரும் மக்கும் உயிரும் அதில்தான் இருக்கின்றன. அதைக் கிராவல் என்று லாரியில் ஏற்றிவிட்டால் அடியிலிருந்த வெளிறிய, புள்ளி விழுந்த மண் வெயில் பார்க்கும். ஓரிரு மழைக்காலத்தில் அது இறுகும், இறுகியதை எந்த உழவும் திரும்ப மண்ணாக்காது. சாலையோரத்துப் பொட்டல்கள் பலவற்றில் புல்லும் முளைக்காததற்கு இதுவே காரணம். சமன் செய்துதான் ஆக வேண்டும் என்றால் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கிக் குவித்து, அடியைச் சமன் செய்து, அதன்மேல் திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். இயந்திர வாடகை கூடும். அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

கம்மாய் வண்டல்

கல்லைக் குறைக்க முடியாது, மண்ணைக் கூட்டலாம். கோடையில் கம்மாய் வற்றியதும் உரிய அனுமதி வாங்கி வண்டல் அடிப்பது சரளைக்காட்டுக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த உதவி. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. கனம் பரப்ப 40 கன மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 14 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). ஒரே ஆண்டில் இரண்டு செ.மீ.க்கு மேல் வேண்டாம், கலக்காமல் விட்டால் மேலே ஏடு கட்டி மழைநீர் இறங்காது. கட்டி காய்ந்து பொடிந்ததும் மேலாக உழுது கலந்துவிடுங்கள். வண்டலோடு சீமைக் கருவேல விதையும் வரும், முதல் மழையில் முளைத்ததைக் கையாலேயே பிடுங்கிவிட வேண்டும். வண்டல் கிடைக்காத இடத்தில் கொழுஞ்சி விதையுங்கள். சரளையும் வறட்சியும் அதற்குப் பழக்கம். விதைத்தோல் கடினமானது என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் ஒன்றுபோல் முளைக்கும்.

அடுத்த முறை குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேறு ஆய்வகத்துக்கோ மாதிரி கொண்டுபோகும்போது, அரைக் கிலோ மண்ணோடு வைக்கும் சீட்டில் சர்வே எண்ணுக்கும் பயிருக்கும் கீழே 'சரளை, கன அளவில் 40 சதவீதம்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பரிந்துரை சொல்பவருக்கு அந்த ஒரு வரி மிகவும் உதவும். இந்த எண் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. வண்டல் அடித்த பிறகும், நிலத்தைச் சமன் செய்த பிறகும் மட்டும் இன்னொரு குழி எடுத்து வாளியில் அளந்துகொள்ளுங்கள்.