ஒரே வரியில் மூன்று பேர் கை வைத்தால்

ஆம்பூரில் ஒருவர், காட்பாடியில் ஒருவர், ஆற்காட்டில் ஒருவர். மூவரும் சேர்ந்து வட ஆற்காட்டுச் சமையல் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு இவர்கள் மூன்று மாவட்டத்துக்காரர்கள். புத்தகத்தின் பெயரில் மட்டும் பழைய மாவட்டம் பிரியாமல் இருக்கிறது. வாசகர்களே கூடி எழுதி, திருத்தி, வெளியிடும் இணையதளம் ஒன்றில் வேலை நடக்கிறது. பிரியாணி அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி:

"கறியில் தயிர், மிளகாய் விழுது சேர்த்து வதக்கவும்."

ஆம்பூர்க்காரருக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஊர் பிரியாணிக்குக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான். எனவே "மிளகாய்" என்பதற்கு முன்னால் "காய்ந்த" என்று சேர்க்கிறார். அதே நொடியில் காட்பாடிக்காரர் "வதக்கவும்" என்பதை எடுத்துவிட்டு "கிளறவும்" என்று போடுகிறார். இரண்டும் நல்ல திருத்தங்கள்தான், ஒன்றோடொன்று மோதவும் இல்லை. ஆனாலும் வரி குழம்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

கணினிக்குச் சமையலும் தெரியாது, "வதக்கவும்" என்ற சொல்லும் தெரியாது. காட்பாடியிலிருந்து கிளம்பும் கட்டளை "6-வது சொல்லை எடுத்துவிட்டு, அங்கே இதைப் போடு" என்பது மட்டும்தான். (உண்மையில் எழுத்துக்குறிகளைத்தான் எண்ணும், புரிவதற்காகச் சொற்களாக வைத்துக்கொள்வோம்.) அந்தக் கட்டளை ஆம்பூர் போய்ச் சேரும்போது அங்கே "காய்ந்த" நுழைந்து, பின்னால் இருந்த சொற்களெல்லாம் ஓரிடம் தள்ளிப் போயிருக்கின்றன. இப்போது 6-வது சொல் "சேர்த்து". கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் ஆம்பூர்த் திரையில் தெரியப்போவது: "கறியில் தயிர், காய்ந்த மிளகாய் விழுது கிளறவும் வதக்கவும்." காட்பாடித் திரையிலோ வரி சரியாக இருக்கும். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பிரதிகள் ஆகிவிட்டன. அது இருவருக்கும் தெரியாது.

பழைய தளங்கள் இந்தச் சிக்கலைப் பூட்டுப் போட்டுத் தவிர்த்தன. ஒருவர் அத்தியாயத்தைத் திறந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். திறந்தவர் அப்படியே சாப்பிடப் போய்விட்டால் அத்தியாயமும் அவரோடு போய்விடும். பூட்டே இல்லாத தளங்களில் கடைசியாகச் சேமித்தவர் பிரதிதான் நிற்கும். முன்னால் சேமித்தவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழியும். இது பூட்டைவிட மோசம்.

கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-ல் ஒரு வழி சொன்னார்கள். வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததும் அதே வருடம்தான் என்பது தற்செயல். அவர்கள் சொன்ன முறைக்கு ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெயர். வந்து சேரும் கட்டளையை உடனே நிறைவேற்றக் கூடாது. அது கிளம்பியபோது அதற்குத் தெரியாத மாற்றம் ஏதாவது இங்கே நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்திருந்தால் அதற்கு ஏற்ப எண்ணைத் திருத்திய பிறகே நிறைவேற்ற வேண்டும். ஆம்பூரில் முன்பக்கம் ஒரு சொல் கூடியிருப்பதால் "6-வது" என்பது "7-வது" ஆகிறது. வரி பிழைத்துக்கொள்ளும்.

இருவரும் சரியாக ஒரே இடத்தில் ஆளுக்கொரு சொல்லைச் சேர்த்தால்? யாருடைய சொல் முதலில் வருவது என்பதற்கு ஏதாவது ஒரு விதி வேண்டும், உதாரணமாகச் சிறிய கணக்கு எண் உள்ளவருடையது முதலில் என்று. அந்த விதி நியாயமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாக் கணினிகளிலும் ஒரே முடிவைத் தந்தால் போதும்.

கேட்க எளிதுதான். ஆனால் மூன்று பேர் மூன்று திசையிலிருந்து ஒரே சமயத்தில் சேர்ப்பதும் அழிப்பதுமாக இருந்தால் கணக்கு பயங்கரமாகச் சிக்கலாகிவிடும். சரி என்று நிரூபித்து வெளியிட்ட சில முறைகளிலேயே பின்னால் ஓட்டைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் கூகுள் டாக்ஸ் போன்றவை நடுவில் ஒரு சர்வரை வைத்து, எந்தக் கட்டளை முன், எது பின் என்பதை அதன் பொறுப்பில் விட்டுவிடுகின்றன.

நடுவில் சர்வர் இருந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஆற்காட்டுக்காரர் சாமைச் சமையல் குறிப்புகள் சேகரிக்க ஜவ்வாது மலைக்குப் போகிறார், போனில் சிக்னல் இல்லை, ஆனாலும் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்றால்? இறங்கி வந்து நெட் கிடைத்ததும் அவருடைய நூற்றுக்கணக்கான திருத்தங்கள் மொத்தமாக வந்து விழும். இதற்கு ஏற்றது வேறொரு முறை. 2011-ல் மார்க் ஷபிரோவும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு சி.ஆர்.டி.டி. (மோதாமல் ஒன்றுசேரும் பிரதிகளுக்கான தரவு வகை) என்று பெயர் வைத்தார்கள். வேர்கள் அதற்கும் சில ஆண்டுகள் முந்தியவை.

இதில் வரிசை எண்ணே கிடையாது. ரேஷன் கடை வரிசையில் யாரும் "நான் 14-வது ஆள்" என்று சொல்வதில்லை, "அந்தப் பச்சைப் புடவை அக்காவுக்குப் பின்னால் நான்" என்றுதான் சொல்வார்கள். முன்னால் எத்தனை பேர் நுழைந்தாலும் கலைந்தாலும் அந்தச் சொல் செல்லும். அதேபோல ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மாறாத ஒரு அடையாளம்: எழுதியவர் யார், அவர் எழுதியதில் அது எத்தனையாவது. அதோடு "நான் இன்னாருக்குப் பின்னால்" என்ற குறிப்பு.

சரி, அந்த அக்காவே போய்விட்டால்? இங்கேதான் ஒரு விசித்திரம். இந்த முறையில் அழிப்பது என்றால் மறைப்பதுதான். அழித்த எழுத்து "அழிந்தது" என்ற முத்திரையோடு உள்ளேயே கிடக்கும், ஏனென்றால் மலையிலிருந்து வரும் ஏதோ ஒரு சொல் அதற்குப் பின்னால் நிற்பதாகச் சொல்லக்கூடும். பலமுறை அடித்துத் திருத்திய அத்தியாயத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாத எழுத்துகள் அதிகமாக இருக்கலாம். இதற்குச் செலவாகும் நினைவகத்தைக் குறைப்பதே இந்தத் துறையில் பெரிய வேலை.

இன்னொரு வகைத் தளங்கள் எழுத்து எழுத்தாகப் பின்தொடர்வதில்லை. ஆளுக்கொரு பிரதியில் நாள்கணக்கில் வேலை செய்யவிட்டு, கடைசியில் ஒப்பிட்டுச் சேர்க்கின்றன. மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட் (2005-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது) இந்த வழிதான். ஒப்பிடும் கணக்கு அதற்கும் பழையது: இரண்டு பிரதிகளிலும் முன்பின் வரிசை மாறாமல் இருக்கும் வரிகளில் மிக நீண்ட தொகுப்பைக் கண்டுபிடித்தால், மீதி எல்லாம் மாற்றம். கிட் வழக்கமாகப் பயன்படுத்தும் முறையை யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்டார். பின்னாளில் மனித மரபணுத் தொகுதியைத் துண்டு துண்டாகப் படித்துக் கோத்த வேலையிலும் அவர் இருந்தார். நீளமான எழுத்து வரிசைகளை ஒப்பிடுவதுதானே இரண்டும்.

ஆனால் இரண்டு பிரதிகளை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. முள்ளுக் கத்தரிக்காய் பற்றிய ஒரு வரி ஆம்பூர்ப் பிரதியில் இருக்கிறது, காட்பாடிப் பிரதியில் இல்லை. ஆம்பூர்க்காரர் புதிதாகச் சேர்த்தாரா, காட்பாடிக்காரர் வேண்டாமென்று எடுத்தாரா? இருவரும் பிரிந்து போகும் முன் இருந்த பழைய பிரதியைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் மூன்று பிரதிகளையும் சேர்த்தே ஒப்பிடுவார்கள். பழைய பிரதியைத் தூக்கிப் போட்டுவிடும் தளத்தில் கூட்டாசிரியர்கள் புத்தகம் எழுதாமல் இருப்பதே நல்லது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. "வேலூர்" என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறிகள்: வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட். இரண்டு பேர் ஒரே சொல்லில் கை வைக்கும்போது ஒருவர் "ல"வை அழித்து, இன்னொருவர் அதன் உயிர்க்குறியை மாற்றினால், மெய் போய் உயிர்க்குறி மட்டும் புள்ளி வட்டத்தில் அநாதையாகத் தொங்கும். பயனர் ஓர் எழுத்தாகப் பார்ப்பதைத் தளமும் ஓர் எழுத்தாகவே கையாண்டால்தான் இது நடக்காது.

இதைவிட ஏமாற்றுவது "கொத்தமல்லி"யில் வரும் "கொ". ஒகரக் குறிக்குத் தனி எண் இருக்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் அதே உருவத்தைக் கொண்டுவரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ஒருவருடைய தட்டச்சு மென்பொருள் இப்படியும் இன்னொருவருடையது அப்படியும் எழுதினால், யாரும் ஒன்றும் மாற்றாத பக்கம் முழுக்க மாறிவிட்டதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். யூனிகோடே இதற்கு ஒரு சீராக்கும் விதியை வகுத்திருக்கிறது. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஒரு வரி நிரல்தான். அதை விட்டுவிடுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது என்பது என் கருத்து.

இதையெல்லாம் சரியாகச் செய்த தளமும் ஓர் இடத்தில் தோற்கும். பிரியாணியில் காரம் அதிகம் என்று இருவருக்கும் படுகிறது. ஆம்பூர்க்காரர் மிளகாயை 20-லிருந்து 12 ஆக்குகிறார். காட்பாடிக்காரர் மிளகாயைத் தொடாமல் கறியையும் சீரகச் சம்பா அரிசியையும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ ஆக்குகிறார். இருவரும் வெவ்வேறு வரிகளைத் தொட்டதால் மோதல் இல்லை. மென்பொருள் இரண்டையும் சந்தோஷமாகச் சேர்த்துவிடுகிறது. தனித்தனியாகச் சரியான இரண்டு திருத்தங்கள் சேர்ந்து சப்பென்று ஒரு பிரியாணியைத் தருகின்றன. எழுத்துகள் ஒத்துப்போவதை மட்டுமே மேலே சொன்ன கணக்குகள் பார்த்துக்கொள்ளும். பொருள் ஒத்துப்போகிறதா என்பதை ஒரு ஆள்தான் படித்துப் பார்க்க வேண்டும். நேரடியாகத் திருத்தாமல் "பரிந்துரை"யாக வைத்து, இன்னொருவர் ஒப்புக்கொண்ட பிறகு சேர்க்கும் வசதி அதற்காகத்தான். அவசரக்காரர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் வேண்டும்.

அட்டையில் பெயர் போடும் நேரத்தில் இதே குருட்டுத்தனம் வேறு வேடத்தில் வருகிறது. ஒவ்வொரு சொல்லையும் யார் எழுதினார் என்று இந்தத் தளங்களால் காட்ட முடியும். அதைக் கூட்டிப்போட்டு "இவர் 60 சதவீதம்" என்று சொல்லிவிடத் தோன்றும். அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ஒரு பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால் பல மென்பொருள்கள் ஒட்டியவரையே ஆசிரியராக்கிவிடும். குடியாத்தத்தில் ஒரு பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்தால் அத்தனை எழுத்தும் பேரன் கணக்கில் ஏறும். பாட்டிக்குக் கணக்கே இல்லை.

அறிவியல் இதழ்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 5,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கத்தில் கட்டுரை 9 பக்கம்தான், மிச்சம் பெரும்பாலும் பெயர்களும் அவர்கள் நிறுவனங்களும். அதனால் பல இதழ்கள் இப்போது கிரெடிட் என்ற பட்டியலைப் பயன்படுத்துகின்றன: கருத்து தந்தவர், தரவு சேகரித்தவர், முதல் வரைவு எழுதியவர், திருத்தியவர் என்று 14 பங்குகள். சமையல் புத்தகத்துக்கு "சொன்னவர்", "சமைத்துப் பார்த்தவர்" என்று இரண்டைக் கூட்டிக்கொண்டால் பாட்டிக்கும் இடம் கிடைக்கும்.

சட்டமும் ஒன்றைக் கவனிக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி சேர்ந்து எழுதியதுதான் கூட்டுப் படைப்பு. ஆளுக்கொரு அத்தியாயம் என்று தனித்தனியாக எழுதினால் அவரவர் அத்தியாயம் அவரவருடையது. ஒரே வரியில் மூன்று பேர் கை வைத்து எழுதியதோ மூவருக்கும் பொது, உரிமைக் காலமும் கடைசியாக இறப்பவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு. ஆகவே எந்த அத்தியாயம் யாருடையது, எது எல்லோருக்கும் பொது, எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பதையெல்லாம் முதல் வரி எழுதும் முன்பே கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் ஒரு படிவம் தளத்தில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போன பிறகு கேட்டால் ஆம்பூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் யாராவது ரயிலேறிப் போய்ச் சமாதானம் பேச வேண்டியிருக்கும்.