கட்ஸ்: சொல் விளக்கம்

"கட்ஸ் இருந்தா வாடா" என்று ஒருவன் சவால் விட்டால் அவன் கேட்பது துணிச்சல். அதே கட்ஸ் ஒரு பழைய ஜப்பானிய வீடியோ கேமில் எண்ணாகத் திரையில் தெரியும். ஆட ஆடக் குறைந்துகொண்டே வரும். அந்த கட்ஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அந்த கேம் 'கேப்டன் சுபாசா'. யோயிச்சி தகாஹாஷி 1981-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய கால்பந்து மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) வைத்து டெக்மோ நிறுவனம் 1988-இல் ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் கருவிக்காக வெளியிட்டது. மேல்நாட்டுக்குப் போனபோது 'டெக்மோ கப் சாக்கர் கேம்' என்று பெயர் மாறியது. கதாநாயகன் சுபாசாவும் ராபின் ஃபீல்டு ஆகிவிட்டான். மங்கா தெரிந்தவர்களுக்கு அது பெரிய இழப்புதான்.

கைவேகத்துக்கு இதில் அதிக வேலை இல்லை. எதிரணி வீரர் குறுக்கே வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். டிரிபிளா (பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடுவது), பாஸா, ஷாட்டா என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரிபிள் செய்தாலே கட்ஸ் கரையும். சுபாசாவின் டிரைவ் ஷூட், இன்னொரு வீரன் ஹியூகாவின் டைகர் ஷாட் போன்ற சிறப்பு அடிகள் அதை ஒரேயடியாக விழுங்கிவிடும். இருப்பு போதவில்லை என்றால் அந்த அடி கிடையாது. இப்போதே அடிப்பதா, கடைசி நிமிடத்துக்கு வைத்திருப்பதா என்ற தவிப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு முதல் பொருள் குடல். மன உறுதி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஏறியது. ஜப்பானியர் அதை 'கட்ஸு' என்று எடுத்துக்கொண்டு, விடாமல் போராடும் குணத்துக்குப் பெயராக்கினார்கள். வென்றதும் முஷ்டியை உயர்த்துவது அங்கே 'கட்ஸு போஸு'. 1974-இல் உலக லைட்வெயிட் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரரின் களப்பெயரே கட்ஸு இஷிமாட்ஸு. வயிற்றைத் துணிவின் இருப்பிடமாகக் கருதும் வழக்கம் ஜப்பானிய மொழியில் முன்பே உண்டு என்பதால், குடலும் அங்கே எளிதாகப் பொருந்தியிருக்க வேண்டும். நமக்கோ வயிற்றில் புளியைத்தான் கரைக்கும். துணிவு குடியிருப்பது நெஞ்சில். அதனால்தான் நெஞ்சுரம் என்கிறோம்.

சவாலில் வரும் கட்ஸுக்குத் துணிச்சல் சரியான சொல். பேச்சில் 'தில்'லும் நடக்கும். கேமில் வருவதற்கு இவை உதவாது. நான்கு முறை டிரிபிள் செய்தால் ஒருவனுக்குத் துணிச்சல் குறையுமா? 'ஆற்றல்' பொருந்தும் என்றாலும் மின்சாரத்துக்கும் அதையே சொல்கிறோம். விளையாடிக் களைத்தவனின் உடம்பு அதில் தெரியவில்லை.

என் தேர்வு 'தெம்பு'. தென்பு என்றும் எழுதுவார்கள். உடல்வலு, மனவலு இரண்டும் அதில் உண்டு. கஞ்சி குடித்தால் தெம்பு வரும், வெயிலில் அலைந்தால் போகும், நல்ல வார்த்தை கேட்டால் திரும்பும். கூடிக் குறைவது அதன் இயல்பு என்பதால் பக்கத்தில் எண் போட்டாலும் உறுத்தாது. "சுபாசாவுக்குத் தெம்பு பத்தாது, மிசாகிக்கு பாஸ் கொடு" என்றால் ஆடுகிறவருக்கு உடனே புரியும்.