பளபள ஷீட் ஒட்டினால் சூடு அடங்காது

மறுபடியும் ஒரு வண்டி. இந்த முறை எம்ஜிபி, எழுபதுகளில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஏற்காடு போய்விட்டுப் பெங்களூரு திரும்பும் வழியில், தொப்பூர் ஏற்றத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்திருக்கிறது. தருமபுரி வருவதற்குள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த, வண்டிக்காரரின் மனைவியின் செருப்பு கார்பெட்டோடு ஒட்டிக்கொண்டதாம். கிருஷ்ணகிரியில் என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், நான் பயந்ததேதான். தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுவார்களே, ஒரு பக்கம் வெள்ளிக் காகிதம் மாதிரியும் மறுபக்கம் ஃபோமுமாக ஒரு ஷீட், அதை வாங்கி வண்டியின் அடிப்பாகம் முழுக்க ஒட்டிவைத்திருந்தார்கள். ஃபோம் உருகிச் சைலன்சர் குழாய் மேல் சொட்டி, சொட்டிய இடமெல்லாம் கரி. தீப்பிடிக்காமல் வந்து சேர்ந்தது அவர்கள் நல்ல நேரம்.

இதற்கு முன்னால் ஒருவர் கோழிப்பண்ணை ஷெட்டுக்கு வாங்கி மிஞ்சிய ஷீட்டை ஒட்டிக்கொண்டு வந்தார். "வெயிலையே தடுக்குதுங்க, சைலன்சர் சூட்டைத் தடுக்காதா?" என்று என்னையே கேட்டார். தடுக்காது ஐயா. கூரைத் தகரம் எவ்வளவு காய்ந்தாலும் எழுபது, எண்பது டிகிரி. ஏற்றத்தில் இழுக்கிற வண்டியில் எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் மேனிஃபோல்டை ஒட்டிய குழாய் சாதாரணமாக 400 டிகிரியைத் தாண்டும். அந்த ஃபோம் பாலித்தீன். 110 டிகிரி வாக்கிலேயே உருக ஆரம்பித்துவிடும்.

சரி, ஃபோமை விடுங்கள். எனக்கு அதைவிட எரிச்சல் தருவது "பளபளன்னு இருந்தா சூடு திரும்பிப் போயிடும்" என்ற நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. சூடு மூன்று வழியில் வருகிறது: தொட்டுக்கொண்டு, காற்றோடு, கதிராக. பளபளப்பு தடுப்பது கதிராக வருவதை மட்டும். அதற்கும் பளபளப்பான பக்கத்துக்கும் குழாய்க்கும் நடுவே காற்று இருக்க வேண்டும். குழாயைத் தொட்டாலோ, தரைத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தாலோ அலுமினியம் சூட்டை அப்படியே கடத்திவிடும். அலுமினியத்துக்குத் தெரிந்த வேலையே அதுதான். எவர்சில்வர் டம்ளரும் பளபளவென்றுதான் இருக்கிறது. சுடச்சுடக் காபியை ஊற்றி அதை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள். இன்னொன்று, கீழே ஒட்டிய பளபளப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்? எஞ்சின் ஆயில் கசிவும் ரோட்டுப் புழுதியும் படிந்து கறுத்துவிட்டால் அது கதிரைத் திருப்பாது, உறிஞ்சும். ஆயில் ஊறிய ஷீட் தீப்பிடிக்கவும் தயாராக இருக்கும். இவ்வளவையும் வாடிக்கையாளரிடம் சொன்னால், "அப்போ ரெண்டு லேயரா ஒட்டுங்க" என்கிறார்.

ஒட்டுவதற்கு முன்னால் சூடு ஏன் அதிகமானது என்று யாரும் பார்ப்பதில்லை. ஸ்பார்க் அடிக்கும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், பின்தங்கியிருந்தால் புகை அதிகச் சூட்டோடு வெளியே வரும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துபோனாலோ, சைலன்சர் தொங்கும் ரப்பர் மாறியிருந்தாலோ குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, வண்டியின் தரைத் தகட்டை நெருங்கிவிடும். எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில், ஒயர் போகும் ஓட்டைகளை அடைக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லையென்றால் எஞ்சின் அனல் நேராகக் காலுக்கு வரும். குளிருக்கு வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டரின் வால்வு முழுதாக மூடாமல் கொதிநீர் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. வால்வை மாற்றினால் முடிகிற வேலைக்குத் தரை முழுக்க ஷீட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்ஜிபியில் புகை வெளியேறும் எக்ஸாஸ்டும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், இடப்பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு உண்டு. "ஆடுது, சத்தம் வருது" என்று அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு ட்ராஃபிக்கில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றால், பெட்ரோல் பங்கைத் திட்டுகிறார்கள்.

மேனிஃபோல்டு இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தரையில் துரு ஓட்டை இருந்து புகை உள்ளே வந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடை கிடையாது. ஓட்டும்போது தலை வலித்து, இறங்கி நின்றதும் சரியாகிறது என்றால் வெயிலைக் காரணம் சொல்லாதீர்கள்.

இப்போது பழைய சூடுதடுப்புகளைக் கழற்றும் வேலை. இதில்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். எம்ஜிபி 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தில் செய்த வண்டி. அந்த நாடு ஆஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடைசெய்தது 1999-ல். அதனால் அந்தக் காலத்து வண்டியில் இருக்கும் பழைய அட்டை, கேஸ்கெட், சூடு தடுக்கும் பாய் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. கிரைண்டர் வைக்கக் கூடாது. கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. நம் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் ஏர் கன்னைத்தான் எடுக்கிறோம், அதனால் இதை இரண்டு முறை சொல்கிறேன்: ஊதவே கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, முடிந்தவரை முழுசாக உரித்து, தடித்த பிளாஸ்டிக் கவரில் கட்டிவையுங்கள். மூக்கில் கட்டும் கர்ச்சீப் எதற்கும் உதவாது. துணி மாஸ்க்கும் அப்படித்தான். நுண்ணிய தூசையும் பிடிக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் மாஸ்க் வேண்டும். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். இந்தத் தூசு இன்று இருமலைக்கூட வரவைக்காது. நுரையீரல் நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். "நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தானே?" என்று பையன்கள் கேட்கிறார்கள். கூரையில் அசையாமல் கிடப்பது வேறு, சுரண்டி மூச்சில் இழுப்பது வேறு.

புதிதாகப் போடுவது எளிது. கீழ்ப்பக்கம் எதையும் ஒட்ட வேண்டாம். தகட்டுக்கும் ஒட்டியதற்கும் நடுவே தண்ணீர் தங்கினால் துருதான், இந்த வண்டிகளில் தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. குழாய்க்கு மேலே அரை மில்லிமீட்டர் அலுமினியம் அல்லது எவர்சில்வர் தகட்டைத் தரையிலிருந்து அரை அங்குலமாவது விலக்கி, நடுவே குழல் மாதிரி புஷ் வைத்து போல்ட் போடுங்கள். இரண்டு பக்கமும் காற்று ஓட வேண்டும். ஓசூரில் தகடு வெட்டி வளைத்துத் தர ஆளுக்கா பஞ்சம்? வண்டிக்குள்ளே, துரு எடுத்து பெயின்ட் அடித்துக் காய்ந்த தரைமேல், அலுமினியப் பூச்சு உள்ள கண்ணாடி இழைப் பாய் போடலாம். அது 500 டிகிரி வரை தாங்கும். அதை ஒட்டச் சோபா பசை வேண்டாம், சூட்டில் இளகிவிடும், அதன் ஆவியும் தீப்பிடிக்கும். சத்தம் அடக்க ஒட்டும் தார் ஷீட்டைக் கியர்பாக்ஸ் மேட்டுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். ஸ்க்ரூ அடிக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும், பின்னாலிருந்து வரும் பேட்டரி கேபிளும் அங்கேதான் ஓடுகின்றன. லிஃப்ட் இல்லாதவர்கள் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியும் ஹாலோ பிளாக்கும் வைத்துக்கொண்டு கீழே படுக்கிறவர்களை நான் திட்டுவதோடு நிறுத்துவதில்லை, காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவேன்.

அப்புறம், நம் பக்கத்துக்கென்றே ஒன்று. கேழ்வரகு, கொள்ளு அறுப்பு முடிந்ததும் கதிரை ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. லாரிக்கு அது பெரிய விஷயமில்லை. தரையோடு தரையாகப் போகும் ஸ்போர்ட்ஸ் காரில் அந்தக் கதிர்த்தாள், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் சுற்றி, நாம் பார்த்துப் பார்த்து விட்ட அந்த அரை அங்குல இடைவெளியில் அடைந்துகொள்ளும். காய்ந்த தாள், அடியில் கொதிக்கும் குழாய். நின்று, ஒரு பக்கம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், ஒதுக்கித் தருவார்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், தாண்டியதும் வெறும் தரையில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

வேலைக்கு வண்டியை அனுப்பும்போது பழைய பாயை நீங்களே பிய்த்துவிட்டு, "மிச்ச வேலையைப் பாருங்க" என்று அனுப்பாதீர்கள். இருக்கிறபடியே அனுப்புங்கள்.