காக்டெயிலுக்குத் தமிழில் என்ன?

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஓட்டல் பாரில் வேலை பார்க்கிறான். மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் புதினா, எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை எல்லாம் வைத்திருக்கிறான். பாதியாக அறுத்த டிரம்மில் ஒரு எலுமிச்சையும் உண்டு. புதினாக் கட்டில் இலையைப் பிரியாணிக்குக் கிள்ளிவிட்டு, மீந்த காம்பை டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பான். ஒரு வாரத்துக்குள் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் முடிபோல இறங்கிவிடும். அதை அப்படியே வாளியில் ஊன்றுவான். போர்த் தண்ணீரின் உப்பில் இலை ஓரம் கருகுகிறது என்று லாரித் தண்ணீர்தான் ஊற்றுகிறான். சுவரில் 'காக்டெயில் தோட்டம்' என்று எழுதப் போனவன், "அண்ணே, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றான்.

மதுவோடு சாறு, சர்க்கரை, மணப்பொருள் கலந்த பானம்தான் காக்டெயில். சொல்லைப் பிரித்தால் 'சேவல் வால்'. வால் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் நிறைய. வாலை ஒட்ட நறுக்கிய கலப்பினக் குதிரையை ஆங்கிலத்தில் அப்படி அழைத்தார்கள், அதிலிருந்து கலந்த மதுவுக்கும் பெயர் ஒட்டியது என்பது அவற்றில் ஒன்று. அச்சில் தெளிவாக இருப்பது 1806. நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்று, வாசகர் கேள்விக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் சேர்ந்தது என்று பொருள் சொன்னது. பிட்டர்ஸ் என்பது மூலிகை, பட்டை, பழத்தோல் போன்றவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. ஆக, செடிகொடிக்கு அன்றே பங்கு இருந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'கலப்பு மது' என்றால் கலப்படம் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறது. 'தேறல்' அழகான சொல்தான், ஆனால் அது தெளிந்த கள், கலந்ததற்குப் பொருந்தாது. நம்ம ஏரியாவில் 'மிக்சிங்' என்பார்கள். அது எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சோடா என்ற கணக்கோடு சரி.

புறநானூற்று 24ஆம் பாட்டில் ஒரு கடற்கரைக் காட்சி. மீனவர்களான பரதவர் வெப்பம் மிகுந்த மட்டு (கள்) குடித்துக் குரவைக் கூத்து ஆடுகிறார்கள். வளையணிந்த பெண்களோ நுங்கு நீர், கரும்புச் சாறு, இளநீர் மூன்றையும் 'உடன் விராஅய்' குடித்துவிட்டுக் கடலில் குதிக்கிறார்கள்: 'முந்நீர் உண்டு முந்நீர்ப் பாயும்'. குடித்ததும் மூன்று நீர், குதித்ததும் முந்நீர், அதாவது கடல். காசிமேட்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விராய் என்றால் கலந்து. வேர் 'விரவு'. அதிலிருந்து 'விரவல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மது சேர்ந்தால் விரவல் மது. சேராவிட்டால் வெறும் விரவல். மது இல்லாத மாக்டெயிலுக்கு அப்புறம் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் குடித்ததில் கள் ஏது?

தம்பி சாக்பீஸால் எழுதிவிட்டான். டிரம் மறைப்பதால் 'விரவல்' மட்டும்தான் தெரிகிறது.